வெடி போடும் ஒலெகாரியோ

தாக்குவாரெம்போ பக்கம் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குதிரைப் பந்தயத்தை வெடி போட்டுத் தொடங்கி வைப்பவர் ஒலெகாரியோ. அந்த வெடிக்காகவே வருஷாவருஷம் தற்காலிகத் துப்பாக்கி உரிமம் வாங்குவார். அரசாங்கம் அந்த உரிமத்தையே ஒழித்துவிட்டு, துப்பாக்கியை ஒப்படைத்தால் நஷ்டஈடு என்றது. ஒப்படைத்தார். வந்த பேசோவில் ஓர் ஓட்டை வேன் வாங்கினார்.

அடுத்த ஞாயிறு கொடியை அசைத்தார். குதிரைகள் புல் மேய்ந்தன. வாயாலேயே "டுமீல்" என்று கத்தினார். ஒரு குதிரை மட்டும் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தது.

அவமானம் தாங்காமல், வேனில் இருந்த மனைவி எப்ராசியாவிடம் போய் எரிந்து விழுந்தார்: "உன் எம்பனாடாவுல உப்பே இல்ல."

அவள் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள். அந்தச் சத்தத்தில் குதிரைகள் பிய்த்துக்கொண்டு ஓடின.

அதிலிருந்து வாராவாரம் யாராவது ஒருவர் எப்ராசியாவுக்குக் கோபமூட்டியாக வேண்டும். போன ஞாயிறு என் முறை.

"அக்கா, இந்தப் பாவாடையில ரொம்பக் குண்டாத் தெரியறீங்க."

எப்ராசியா நிதானமாக இறங்கினாள். தொட்டில் பிள்ளை விழித்துவிடும் என்பதுபோல் கதவை மெல்லச் சாத்தினாள். குதிரைகள் நின்ற இடத்திலேயே நின்றன.

"என்னை வெச்சு வெடி போடறீங்களே," என்றாள், "உரிமம் வாங்கினீங்களா?"