எழுத்தைப் பெரிதாக்கும் வரி

அந்தத் திங்கட்கிழமை வெள்ளவத்தை அச்சகத்தில் என் கணினியைத் திறந்தபோது எழுத்துகள் பாதியாகச் சுருங்கிக் கிடந்தன. வெள்ளிக்கிழமை வரை அதே திரையில் கணிதப் பயிற்சி நூல்களைச் சிரமமின்றித் திருத்தியிருந்தேன். பிரிவுத் தலைவரிடம் சொன்னேன். என்னைவிட இளையவர், கணினிகளும் அவர் பொறுப்புத்தான். எழுந்து வந்து பார்க்கவுமில்லை. "திரையில பிழையில்லை மிஸ். கண்ணைக் காட்டுங்கோ," என்றார். நம்பினேன். பம்பலப்பிட்டியில் கண்ணாடி மாற்றினேன். மூக்குத் திரையில் முட்டப் படித்தேன். அப்படியும் விடைப் பட்டியலில் மூன்றுகள் எட்டுகளாக அச்சேறின. நூல் முழுவதையும் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகே, முன்பு எங்களிடம் வேலை செய்த தொழில்நுட்ப உதவியாளரைக் கல்கிசையில் போய்ப் பார்த்தேன். எங்கள் கணினிகள் லினக்ஸில் இயங்குபவை. திரையில் சாளரங்கள் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைச் சில அமைப்பு வரிகளைப் படித்தே அவை அறிந்துகொள்ளும். சூழல் மாறிகள் என்பார்கள். கணினிக்குள் நுழையும்போது வாசிக்கப்படும் என் தொடக்கக் கோப்பில் அவர் எனக்காக export GDK_SCALE=2 என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தாராம். இரண்டு என்றால் எல்லாமே இரு மடங்கு. திரும்பி வந்து பார்த்தேன், வரி இல்லை. எல்லாக் கணினிகளும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று பிரிவுத் தலைவர் ஒரே கோப்பை எல்லோருடையதன் மேலும் படியெடுத்துப் போட்டிருந்தார். எதை அழிக்கிறோம் என்று பார்க்கவில்லை.

முதலாளியின் முன்னால் இதைச் சொன்னேன். தலைவர் சிரித்தார். "ஒரு வரி இல்லாட்டிக் கண் தெரியாதோ மிஸ்? அப்ப ஆஸ்பத்திரி எதுக்கு? ரெண்டு வரி எழுதிவிட்டாக் காணுமே." முதலாளியும் சிரித்தார். அடுத்த வாரம் நான் கொட்டாஞ்சேனைக் களஞ்சியத்தில் புத்தகக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே ஐந்து ஆண்டுகள் போயின.

திருத்துவதற்கு ஆளில்லாமல் இந்த ஆண்டு என்னைத் திரும்ப அழைத்தார்கள். முதல் நாளே அந்த வரியை என் கோப்பில் எழுதினேன். அச்சுக்குப் போகும் பக்கங்களைக் கடைசியாகப் பார்ப்பவர் இன்னமும் தலைவர்தான். இப்போது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார், இறக்குவார், திரையை நோக்கிக் குனிவார். ஒருநாள் என் பின்னால் வந்து நின்றார்.

"மிஸ்ஸின்ட திரையில மட்டும் எழுத்து நல்ல பெரிசாக் கிடக்கு. ஏதும் வித்தை செய்தனீங்களோ?"

அவர் முகத்தைக் கவனித்துப் பார்த்தேன். அதில் பழைய நினைவின் நிழல்கூட இல்லை. அவர் கொஞ்சம் கூசியிருந்தாலும் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

"நான் ஒண்டும் செய்யேல்லை சேர். வந்த மாதிரித்தான் கிடக்கு."

அவர் விட்ட பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு முதலாளியின் மேசையில் வைத்துவந்தேன். ஒன்றையும் கூட்டவில்லை, ஒன்றையும் மறைக்கவுமில்லை. போன வாரம் முதலாளி கூப்பிட்டார். "இவரைக் களஞ்சியத்துக்கு அனுப்பட்டோ? என்ன சொல்லுறீங்கள்?"

யோசிப்பதற்கு எனக்கு ஐந்து ஆண்டுகள் கிடைத்திருந்தன. "அனுப்புங்கோ ஐயா. பாவம், அவருக்கு இனி ஏலாது," என்றேன்.

நேற்று அவருடைய இருக்கை எனக்கு வந்தது. அவர் சாமான்களைப் பையில் போட்டு முடிக்கும்வரை காத்திருந்து, அவர் கணினியில் அந்த ஒரு வரியை எழுதி, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழைந்தேன். எழுத்துகள் பெருத்துத் திரையை நிறைத்தன. கதவடியில் நின்றவரின் உதடுகள் அசைந்தன. அவ்வளவு தூரத்திலிருந்து அவர் வாசித்துக்கொண்டிருந்தார்.