ஏழு ஒட்டிய பெட்டி

என் அலுவலக மேசை லாச்சியில் ஒரு ஸ்டிக்கர் கிடக்கிறது. வெள்ளி நிறம், கட்டைவிரல் நகமளவு, நடுவில் பெரிதாக ஏழு, ஓரத்தில் காய்ந்த சந்தனம். கம்ப்யூட்டருக்குள் எந்த வகை பிராசஸர் இருக்கிறது என்று வெளியே ஒட்டுவார்களே, அது. எண் கூடினால் வேகம் கூடும். கண்டியில் வீட்டுப் படம் வரைந்து கொடுத்துப் பிழைக்கும் நான் இதை வைத்திருப்பது மாமாவை மறந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். பாசத்தால் அல்ல.

மாமா அம்மாவின் தம்பி, டவுனில் கிளார்க். மஹய்யாவையில் எங்கள் வரிசை வீடுகளிலேயே கம்ப்யூட்டர் படித்தவர் என்று அவருக்குப் பெயர். என்ன படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. நான் வீட்டுப் படம் வரையும் கோர்ஸில் சேர்ந்தபோது, கம்ப்யூட்டர் பெட்டி வாங்கும் பொறுப்பை அம்மா அவரிடம்தான் விட்டாள். கொண்டுவந்து வைத்து, ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினார். "ஏழு, அக்கா. இதுக்கு மேல கண்டியிலயே கெடையாது." அம்மா அந்த ஏழின் மேலேயே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். அதன் பிறகு அதை ஆராய எங்கள் வீட்டில் யாருக்குத் துணிவு வரும்?

படம் வரையும் மென்பொருளைத் திறந்தால் பெட்டி உறைந்து நிற்கும். ஒரு சுவரை நகர்த்திவிட்டுத் தேத்தண்ணி குடித்து வரலாம். பயிற்சிப் படம் ஒன்றையும் நேரத்துக்குக் கொடுக்க முடியவில்லை. மாமா வந்து பார்த்தார். பார்த்தார் என்றால், திரையைத் துடைத்தார். பிறகு சொந்தக்காரர் நிறைந்த வீட்டில் சொன்னார்: "பெட்டில ஒரு கொறையும் இல்லக்கா. புள்ளைக்குத்தான் மண்டையில ஏறல." நான் நம்பினேன். அதுதான் இன்றும் எரிகிறது. கோர்ஸை விட்டுவிட்டு இரண்டு வருடம் புடவைக் கடையில் நின்றேன்.

சரஸ்வதி பூசைக்கு அம்மா எப்போதும் பழைய சந்தனத்தின் மேலேயே புதியதை வைப்பாள். அந்த வருடம் நான் ஈரத்துணியால் தேய்த்தேன். ஏழு உரிந்து கையோடு வந்தது. அதன் கீழே இன்னொரு ஸ்டிக்கர், மூன்று. பெட்டியைப் போட்டு, ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து 'சிஸ்டம்' என்பதைத் திறந்தேன். மூன்றுதான், அதிலும் அரதப் பழசு, நாலு ஜிபி ரேம். இரண்டே கிளிக். இரண்டு வருடம் என் மண்டையைச் சந்தேகித்தவளுக்குப் பெட்டியைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

மாமாவிடம் போய்க் கேட்டேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன், மடச்சி. "பொம்பளப் புள்ள, நாலு நாளைக்குப் படிப்ப. அதுக்கு இது போதாதா?" என்றார். ஒட்டியது தான்தான் என்பதை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை. திட்டுவதற்கும் ஆளுக்கு ஒரு தகுதி வேண்டும். திரும்பி வந்தேன். மறுபடி சேர்ந்து, வகுப்பிலிருந்த பெட்டிகளிலேயே வரைந்து படிப்பை முடித்தேன்.

போன வாரம் அதே மாமா லேப்டாப்பும் கையுமாக என் அலுவலகத்துக்கு வந்தார். மகளுக்கு வாங்கியதாம், வகுப்பில் அவள் பின்தங்கிவிட்டாளாம்.

"எம் மக கெட்டிக்காரி. பெட்டிதான் சரியில்ல. கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. உள்ள என்ன இருக்குனு பாத்துச் சொல்லு."

அதே இரண்டு கிளிக். ஏழு, புத்தம் புதுசு, பதினாறு ஜிபி. வெளியே ஒட்டியிருந்ததுதான் உள்ளேயும் இருந்தது. தன் மகளுக்கு என்றால் மனிதருக்கு ஒழுங்காக வாங்கத் தெரிந்திருக்கிறது.

லாச்சியைத் திறந்து, சந்தனம் காய்ந்த அந்த ஸ்டிக்கரை அவர் முன்னால் வைத்தேன்.

"பெட்டில ஒரு கொறையும் இல்ல மாமா. மீதிய நீங்களே சொல்லுங்க."

அவர் லேப்டாப்பைப் பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்துக்கொண்டு எழுந்தார். நான் ஸ்டிக்கரை எடுத்து மறுபடி லாச்சியில் போட்டேன்.