கடைசியில் வரைய வைத்திருந்த வெயில்

மர்பி டவுனில் இருக்கும் யூனிஸுக்குப் படம் வரைவதைத் தவிர வேறு எதுவும் ஒழுங்காக வராது. பள்ளிக்கூடச் சுவர்களில் வரைந்துகொண்டிருந்தவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர்கள் அனுஷாவும் முனிகிருஷ்ணனும். இரண்டு பேரும் சினிமாக்காரர்கள். எடுத்த படம் தியேட்டர் வாசலை மிதிக்காமலே போனதில் வெறுத்துப்போய், நீலசந்திராவில் ஒரு மாடியறையைப் பிடித்து காமிக்ஸ் கம்பெனி ஆரம்பித்திருந்தார்கள். இதற்கு நடிகனும் வேண்டாம், கேமராவும் வேண்டாம் என்று நினைப்பு.

முதல் கதை, கோலார் தங்கச் சுரங்கத்தில் மாட்டிக்கொண்ட தொழிலாளியைப் பற்றியது. மூன்று புத்தகமாக வரவேண்டியது. நாயகனுக்கு ஒரு முகம் தேவைப்பட்டபோது யூனிஸ் தன் அப்பா ஃபிராங்க்ளினைக் கூட்டி வந்தாள். பாதி ஆயுளைச் சுரங்கத்தில் போக்கியவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டதால் மாடியேறுவதற்குள் மூச்சு முட்டியது. ஆனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, இருட்டறையில் நெற்றி விளக்கோடு உற்சாகமாக போட்டோவுக்கு நின்றார்.

"நான் மேல வர்றத புக்குல பாத்துட்டுதாம்மா சாவேன்" என்றார்.

சினிமாப் புத்தி அப்போதுதான் வேலையைக் காட்டியது. படப்பிடிப்பில் ஓரிடத்துக் காட்சிகளையெல்லாம் மொத்தமாக எடுத்து முடிப்பார்கள் இல்லையா, அதே பழக்கம். மூன்று புத்தகத்துக்குமான சுரங்கக் காட்சிகளை முதலில் வரையச் சொன்னார் முனிகிருஷ்ணன். நாயகன் வெளியே வெயிலுக்கு வருவது கடைசியில்.

"பேப்பர்ல மேல வர்றதுக்கு வண்டி வாடகையா சார் குடுக்கப் போறோம்?" என்றாள் யூனிஸ்.

"ஒரே மூட்ல முடிச்சிரும்மா. லைட்டிங் மாறிடக் கூடாது."

காகிதத்தில் என்ன லைட்டிங்! சம்பளம் கொடுக்கிறவரிடம் யார் வாதாடுவது? யூனிஸ் மாதக்கணக்கில் இருட்டையே வரைந்தாள்.

இரண்டு புத்தகங்கள் வந்தன. வாங்க ஆளில்லாமல் மாடிப்படியில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. இரண்டாவதன் முடிவில், ஆட்களை மேலே தூக்கும் இரும்புக் கூண்டு பாதி வழியில் நின்றிருக்கும். உள்ளே ஃபிராங்க்ளின்.

"நான் மேல வந்துட்டனா இல்லியா?"

"அடுத்த புக்ல டாடி."

அடுத்த புத்தகம் வரவில்லை. சினிமாக்காரர்களுக்கு மும்பையில் ஒரு வெப் சீரிஸ் கிடைத்தது. அறையைக் காலி செய்த அன்று அனுஷா அழுதாள். திரும்பி வந்து கண்டிப்பாக முடிப்போம் என்றாள். நல்லவர்கள்தான், அதுதான் எரிச்சல். மனசாரத் திட்டக்கூட முடியவில்லை.

மிச்சத்தை யூனிஸ் வீட்டிலேயே வரைய உட்கார்ந்தாள். அப்பாவை ஜன்னலோரம் சாய்த்து வைத்தாள். வெயிலில் பார்த்தால் அது நாயகனின் முகமே இல்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எத்தனை முறை அழித்து வரைந்தாலும் ஒரு நோயாளிதான் வந்தார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இன்னாம்மா, வந்துட்டனா?"

"வந்துட்ட டாடி."

"எங்க, காட்டு."

காட்ட ஒன்றுமில்லை. முடிந்ததும் காட்டுகிறேன் என்று சொல்லிச் சமாளித்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் ஃபிராங்க்ளின் போய்விட்டார். தெருவில் ஒட்டும் அஞ்சலி போஸ்டருக்கு போட்டோ கேட்டார்கள். யூனிஸின் கம்ப்யூட்டரில் அப்பா ஏராளமாக இருந்தார். ஒவ்வொன்றிலும் ஹெல்மெட், நெற்றி விளக்கு, பின்னால் இருட்டு. வேறு வழியில்லாமல் அதில் ஒன்றைக் கொடுத்தாள். மறுநாள் மர்பி டவுன் சுவர்களில், நல்ல வெயிலில், சுரங்கத்துக்குள் நிற்கிற அப்பாவை ஒட்டிவிட்டுப் போனார்கள்.