வாய்விட்டு வாசித்த குற்றம்

இன்று பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சண்டை பிடித்துவிட்டு, லண்டனில் நான் இருக்கும் தோர்ண்டன் ஹீத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டிலிருந்து கணினியில் எழுதிய சோதனையின் பெறுபேற்றை நிறுத்திவிட்டார்கள். நான் எழுதும்போது யாரோடோ கதைத்தேன் என்று, காவல் பார்க்கும் மென்பொருள் சொல்லிவிட்டதாம்.

"கேள்வியை வாய்விட்டு வாசிச்சனான், பிள்ளை. நான் தனியப் படிச்சதெல்லாம் அப்பிடித்தான்."

உதவி மேசையில் இருந்த தமிழ்ப் பிள்ளைக்குச் சிரிப்பு. "அங்கிள், இந்தத் தொழில்நுட்பத்துக்கு அரசாங்கமே ஆதரவு. இனி நாடு முழுக்க இதுதான். அடுத்தமுறை வாயை மூடிக்கொண்டு எழுதுங்கோ."

"ஏலாது" என்றேன்.

அறுபத்தெட்டு வயதில் படிக்க வந்தவனுக்கு வாய்ப்பூட்டா? ஆதரவு கொடுத்தவர்களில் ஒருவராவது மனிதர் எப்படிப் படிக்கிறார்கள் என்று கேட்டாரா?

மறுசோதனை வைப்பார்களாம். அதிலும் சத்தமாகவே வாசிப்பேன்.

உதடு அசையாமல் வாசிப்பவர்கள் இங்கே இருந்தால் கீழே பின்னூட்டத்தில் எழுதுங்கள். அரசாங்கம் உங்களுக்காகத்தான் பாடுபடுகிறது.