டிஸ்க் சாகவில்லை

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஓரிரு வருடங்கள் இருக்கும். தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு அடையாள அட்டை எடுத்துத்தர உதவும் சின்ன அலுவலகம் ஒன்றில், நுவரெலியாவில், நான் தட்டச்சுக்காரனாக இருந்தேன். அட்டை இல்லாதவர்களின் விபரங்கள், அவர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளின்படி, லயம் லயமாகத் துண்டுத்தாளில் வரும். நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். ஏற்றி முடித்த துண்டுகளைக் கொளுத்தித் தேத்தண்ணிக்குச் சுடுதண்ணீர் வைப்பேன். அவ்வளவு கெட்டிக்காரன்.

வெள்ளிக்கிழமை வலப்பனையில் அதிகாரிகளிடம் பட்டியலைக் கொடுக்க வேண்டும். அதில் என் அம்மாவின் பெயரும் இருந்தது. சில வருடங்களுக்கு முன், கொழும்புக்குப் போகும் வழியில், சோதனைச் சாவடியில் அட்டை இல்லை என்று அம்மாவை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பகல் முழுவதும் உட்காரவைத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பட்டியலைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கிலத்தில் பிழை வரிகள் ஓடின. பெட்டி உறைந்துபோனது. வந்த கோபமெல்லாம் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் மேல்தான். அதைப் போட்டுத் தந்தவர் டவுன் பாடசாலையின் கணித டீச்சர், யாழ்ப்பாணத்துக்காரர். காசில்லாமல் கிடைத்தது என்றாலே எனக்கு இளக்காரம்.

பள்ளி விட்டதும் டீச்சர் வந்தார்.

"டிஸ்க் செத்துப்போச்சுங்க டீச்சர். ரிப்பேர் பண்ற கட்டளைய அடிக்கப் போறேன்."

"ஐயோ, உந்தக் கட்டளையை இப்ப அடிக்காதேங்கோ!"

நாற்காலியை இழுத்துப் போட்டு, நான் பயந்து ஓடிய அதே வரிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்திருந்தது. டிஸ்க் எழுத்தைச் சரியாகத்தான் அனுப்புகிறது, அது மதர்போர்டுக்கு வந்து சேரும் வழியில் கெடுகிறது, இப்போது ரிப்பேர் செய்தால் நல்லதையும் சேர்த்துக் கெடுத்துவிடும் என்றார். செத்ததாக நான் முடிவுகட்டிய ஒன்றை அவர் நிதானமாக விசாரித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடம் எனக்கு அவர் மேல் பெரிய மதிப்பு வந்தது.

"கடைசியா இந்தப் பெட்டியை எப்ப திறந்தனீங்கள்?"

"போன வாரம், ஆயுத பூஜைக்குங்க."

மின்சாரத்தை நிறுத்திப் பெட்டியைத் திறந்தார். டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் பட்டைக் கேபிளின் முனையில் சந்தனம் காய்ந்திருந்தது. மேலே குங்குமம். தேயிலை ஃபெக்டரியில் அப்பா ஒவ்வொரு மெஷினுக்கும் பொட்டு வைப்பார். நான் ஒரு படி மேலே போய், தூசி தட்டக் கழற்றிய கேபிளுக்கே ஈரச் சந்தனமாக அப்பி, அப்படியே சொருகியிருந்தேன்.

டீச்சர் சிரிக்கவில்லை. போர்டில் கேபிள் சொருகும் கம்பிகளைப் பழைய பல்தூரிகையாலும் ஸ்பிரிட்டாலும் துடைத்தார். மறுநாள் வேறு கேபிள் கொண்டுவந்து மாட்டினார். முதல் வேலையாகப் பட்டியலை சீடியில் இரண்டு பிரதி எடுத்தார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டிஸ்க்கைச் சோதித்தார். ஒரு பெயர்கூடத் தொலையவில்லை.

"என்னங்க கோளாறு?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் பொறுப்பாளர் வந்தார்.

"கேபிள் பழசு," என்றார் டீச்சர்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தாங்க சந்தனம் வெச்சு கெடுத்தேன்," என்று சொல்லிவிட்டேன். பொறுப்பாளர் வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கிக்கொண்டேன்.

பட்டியல் அச்சாகிக்கொண்டிருந்தபோது அம்மாவின் பெயரை டீச்சருக்குக் காட்டி, பஸ்ஸிலிருந்து இறக்கிய கதையைச் சொன்னேன்.

"என்னையும் இறக்கினவை," என்றார். "அட்டையிலை பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கெல்லோ. ஒவ்வொருக்காவும் அதைப் பாத்திட்டுத்தான் இறக்கிறவை."

நான் பேச்சை மாற்றி, புதுக் கேபிள் எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டேன்.

"வாங்கேல்லை. வீட்டுக் கம்ப்யூட்டரிலை இருந்து கழட்டிக்கொண்டு வந்தனான். உங்கட அம்மாவுக்கு முதல்ல அட்டை வரட்டும்."