ஆட்டுக்கு நடந்த பஞ்சாயத்து

ஏழாம் வகுப்புக்குக் கதை சொல்லிக்கொடுப்பதைவிட வெயிலில் உட்கார்ந்து கருவாட்டுக்குக் காக்கா ஓட்டுவது எத்தனையோ தேவலாம். கதை முடிந்த அடுத்த நொடியே நோட்டைத் திறந்துகொண்டு, "நீதி எழுதிப்போடுங்க மிஸ்" என்பார்கள். எழுதிப்போடாவிட்டால் அவர்களிடமே ஒன்று தயாராக இருக்கும்: பெரியோர் சொல் கேட்க வேண்டும். எரிச்சலில் ஒருநாள் பேய்க்கதை சொன்னேன். அதற்கும் அதே நீதி. "பேய் என்னடா பெரியவரா?" என்று கேட்டேன். "செத்து ரொம்ப வருசம் ஆச்சுல்ல மிஸ்" என்றான் ஒருவன்.

நான் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் போய் வேலை பார்த்த அந்தப் பள்ளி ஊரின் வடக்கு ஓரத்தில் இருந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டுப் பிள்ளைகள். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடைக் கதைக்கென்று தலைமையாசிரியையிடம் சண்டை போட்டு வாங்கியிருந்தேன். கணக்கு வாத்தியாருக்கு அதன்மேல் ஒரு கண். அந்த வாரம் தலைமையாசிரியை வகுப்பு வாசலிலேயே நின்று, கடற்கரைவரை கேட்கும் குரலில் சொன்னார்: "வெள்ளிக்கெழம ஆய்வுக்கு அதிகாரி வர்றாரு. அவர் முன்னாடி உங்க பசங்க ஒழுங்கா பதில் சொல்லலன்னா பீரியட கணக்குக்குக் குடுத்துருவேன்." போய்விட்டார். பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

போவதுதான் போகிறது, ஒரு நல்ல கதையோடு போகட்டும் என்று நானே ஒன்று எழுதி எடுத்துப்போனேன். ஒரு பெண் குட்டியிலிருந்து வளர்த்த ஆட்டை, அவள் பள்ளிக்கூடம் போன நேரம் பார்த்து அப்பா விற்றுவிடுகிறார். வரும்போது அவளுக்குப் புதுச்செருப்பு வாங்கி வருகிறார். அவள் அதை வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்து போகிறாள். அவ்வளவுதான் கதை.

"அப்புறம்?" என்றார்கள்.

"அப்புறம் ஒண்ணுமில்ல."

"இன்னா மிஸ் இது, பாதியில நிறுத்திட்டீங்க! ஆடு இன்னா ஆச்சு?"

நீதியை யாரும் கேட்கவில்லை. அதற்குள் வகுப்பு இரண்டாகிவிட்டது. சேதராப்பட்டு கம்பெனி ஒன்றில் அப்பா வேலை பார்க்கும் பையன், "வீட்ல அரிசி வாங்க வேணாமா? எங்கப்பாவா இருந்தாலும் வித்துருப்பாரு" என்றான். அவன் சட்டையை இன்னொருவன் பிடித்தான். வகுப்புத் தலைவன் மேசையைத் தட்டினான். "அடிச்சிக்காதீங்கடா. பஞ்சாயத்து வச்சிடலாம்."

அவர்கள் ஊரில் பஞ்சாயத்து கூடினால் அன்றைக்கு ஒரு படகும் கடலுக்குப் போகாது. அந்த வழக்கப்படியே, தீர்ப்பு வரும்வரை எவனும் பாத்ரூம் போகக் கூடாது என்று தலைவன் கட்டுப்பாடு போட்டான். மூன்று பேர் பஞ்சாயத்தார் ஆனார்கள். சேதராப்பட்டுக்காரன்தான் கதையில் வரும் அப்பா. நானும் வாயை மூடிக்கொண்டு கடைசி பென்ச்சில் போய் உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியையும் அதிகாரியும் உள்ளே வந்தார்கள். அதிகாரி கனிவாக, "கதையோட நீதி என்ன, யாரு சொல்றீங்க?" என்றார்.

"இன்னும் தீர்ப்பே வரல சார். உக்காருங்க" என்றான் தலைவன்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். போச்சுடா என்று நினைத்தேன். ஆனால் அந்த மனுஷன் உட்கார்ந்தார்! முட்டி முகவாயை இடிக்க, பிள்ளைகளோடு பென்ச்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து கதையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கேட்டதும், "அப்பா பாவம்பா, செருப்பு வாங்கிட்டு வந்தாருல்ல" என்று கட்சி சேர்ந்துவிட்டார். அதிகாரியே தன் பக்கம் என்றதும் அப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. ஊர்ப் பஞ்சாயத்தில் மன்னிப்புக் கேட்கும் முறைப்படி, யூனிஃபார்ம் அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மன்னித்து அனுப்பிவிடலாம் என்று பஞ்சாயத்தார் எழுந்தார்கள்.

"ஆட்டுக்காரி இன்னும் பேசவே இல்லியே" என்றாள் நடு பென்ச்சில் ஒருத்தி. மீன் விற்கும் அம்மாவின் மகள்.

"பஞ்சாயத்துல பொம்பளைங்க பேச மாட்டாங்க. அவ அண்ணன் பேசுவான்" என்றான் தலைவன்.

"அவளுக்கு அண்ணனே கெடையாது. மிஸ் எழுதல. அது அவ ஆடு. அவளுக்கு நான் பேசுறேன்."

தலைவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவள் தரையில் கிடந்த அப்பாவிடம் போய் நின்றாள்.

"அரிசிக்குக் காசில்லன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, நானே கயித்தப் புடிச்சி ஆட்ட சந்தைக்கு ஓட்டியாந்திருப்பேன்பா. அழுதுகினே வந்திருப்பேன். நீ ஒரு வார்த்த கேக்கலியே."

கதையை எழுதிய எனக்கே இது தோன்றவில்லை. விழுந்து கிடந்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவளும் உட்காரவில்லை. அதிகாரி பக்கம் திரும்பினாள்.

"நீங்களுந்தான் சார். எங்க கத பீரியட எடுத்து கணக்குக்குக் குடுக்கப் போறீங்களாமே. எங்கள கேட்டீங்களா?"

"ஏய்!" என்றார் தலைமையாசிரியை.

அதிகாரி கையமர்த்தினார். "தப்புதாம்மா. இப்ப கேக்கறேன். இந்த பீரியட்ல உங்களுக்கு என்ன வேணும்?"

"பி.டி. சார்!" என்று பின் பென்ச்சு மொத்தமும் கத்தியது.

கட்டையில போறவனுங்க! இவன்களுக்காகவா தொண்டைத்தண்ணி வற்றக் கத்தினேன்? அவள் திரும்பி ஒரு முறை முறைத்தாள். அதே குரல்கள் இறங்கிப்போய், "கத சார்" என்றன. பென்ச்சு குலுங்க அதிகாரி சிரித்தார். "கதையே இருக்கட்டும் மேடம்" என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

வாசல்வரை போனவர் நின்று, கொஞ்சம் கூச்சத்தோடு வகுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறமாவது அந்தப் பொண்ணு செருப்ப போட்டுக்கிச்சா?"

தரையிலிருந்து எழுந்து, சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அப்பா பதில் சொன்னான்.

"அவளத்தான் சார் கேக்கணும்."