மச்சம் இல்லாத முகம்

தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மினுக்கி. வைத்தவர்கள் கொஞ்சம் பொறாமையோடுதான் வைத்தார்கள் என்றாலும், அவளும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை. கல்லூரி இல்லாத நாளில் முகத்தில் எதையாவது அப்பிக்கொண்டு, அது காய்கிற வரைக்கும் வாயைத் திறக்காமல், ஒரு கதைப் புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். கூப்பிட்டால் ‘ம்’ என்பாள். பேசினால் பூச்சு வெடித்துவிடுமாம்.

படித்தது என்னவோ வணிகவியல். மனசு கிடந்ததெல்லாம் வேறு இடத்தில். நூலகத்துக் கதைகள், எதைப் பூசினால் எது போகும் என்கிற சங்கதி, அப்புறம் செல்போன் கேமரா. மூன்றையும் ஒன்றாக முடிந்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்தினாள். வெயில் விழுகிற இடத்தில் விரித்த புத்தகம், பக்கத்தில் டீ கிளாஸ், புத்தகத்தைப் பிடித்திருக்கும் ஒரு கை. பார்க்கிறவர்கள் சொக்கிப்போய் இதயமாக அள்ளி வீசுவார்கள்.

அந்தக் கை சித்தியுடையது. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களை மினுக்கி படத்தில் பூப்போல ஆக்கிவிடுவாள்.

அம்மா போன பிறகு இவளை வளர்த்தது அம்மாவின் தங்கையான இந்தச் சித்திதான். வீட்டு முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தெருவுக்கே துணி தைத்துக் கொடுத்தாள். கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை இடது கன்னத்தை அடைத்துக்கொண்டு ஒரு கருப்பு மச்சம். பிறவியிலேயே வந்தது. அதனால்தான் கல்யாணம் நடக்கவில்லை என்று ஊர் பேசும். சித்தி அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. யாராவது கேமராவைத் தூக்கினால் மட்டும் அந்தப் பக்கத்தைத் திருப்பிக்கொள்வாள், இல்லாவிட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஒருநாள் தூங்கி எழுந்த சித்தியை மினுக்கி படம் பிடித்தாள். உட்கார்ந்து போன் திரையில் விரலால் தேய்த்துத் தேய்த்து மச்சத்தை எடுத்தாள். கொண்டுபோய்க் காட்டினாள்.

"யாருடி இது? உங்கம்மா மாதிரி இருக்கு."

"நீதான் சித்தி."

சித்தி வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கா," என்றாள்.

அன்றிலிருந்து கேமரா என்றால் சித்தி ஓடவில்லை. தலையைச் சீவிக்கொண்டு வந்து நிற்பாள். மினுக்கிக்கு அதில் உள்ளம் குளிர்ந்துபோயிற்று. செய்ததெல்லாம் பாசத்தில்தான், அதில் சந்தேகமே வேண்டாம். போனில் இடம் போதாமல் போகும்போதெல்லாம் எடுத்த படத்தை அழித்துவிட்டுத் திருத்திய படத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். மச்சத்தை யார் சேர்த்து வைப்பார்கள்?

இந்த வருஷம் சித்திக்கு மறதி வந்தது. நூல் கோத்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே ஊசியைத் தேடினாள். கடைக்குப் போனவள் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தெருமுனையில் நின்றாள். தெரிந்தவர்கள் கூட்டிவந்து விட்டார்கள். அவளைத் தனியாக விடாதே என்று பணிமனையில் மெக்கானிக்காக இருந்த அப்பா தினமும் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

ஒரு மதியம் மினுக்கி பூச்சோடு உட்கார்ந்து கதையின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். வாசலிலிருந்து சித்தி, "கண்ணு, நூல் வாங்கிட்டு வந்துடறேன்," என்றாள்.

"ம்," என்றாள் மினுக்கி.

பொழுது சாய்ந்தும் சித்தி திரும்பவில்லை. அப்பா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தார். மினுக்கிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருந்தாலும் அழுதுகொண்டே போனைத் திறந்து, இருப்பதிலேயே நல்ல படமாக ஒன்றைப் பொறுக்கினாள். போலீஸுக்கு அதைத்தான் கொடுத்தாள். ‘காணவில்லை’ என்று அச்சடித்ததும் அதைத்தான். கல்லூரித் தோழிகள் ஊர் முழுக்க ஒட்டினார்கள். அந்தப் படத்தில் எதுவும் குறைவதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் கொடுமை. அவள் கண்ணுக்குச் சித்தியின் முகம் அப்படியே பழகிப்போயிருந்தது.

மூன்றாம் நாள் பேருந்து நிலையத்து டீக்கடையில் போய்க் கேட்டாள். கடைச் சுவரிலேயே நோட்டீஸ் இருந்தது.

"இவங்களைப் பாக்கலம்மா," என்றார் டீக்கடைக்காரர். "வேற ஒரு அம்மா இருந்தாங்க. பாவம், ஒரு கன்னம் பூரா கருப்பு. ரெண்டு நாளா அந்த பெஞ்சுலயேதான் உக்காந்திருந்தாங்க. பன்னு குடுத்தேன், சாப்பிட்டாங்க. ஒருவேளை இவங்களா இருக்குமோன்னு நோட்டீஸுக்குப் பக்கத்துல நிக்கவச்சுக்கூடப் பாத்தேன். இல்லன்னு விட்டுட்டேன்."

மினுக்கி அந்த பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். "இப்ப எங்க அவங்க?"

"காலைல ஏதோ பஸ்ல ஏறிட்டாங்க. எந்த பஸ்ஸுன்னு நான் கவனிக்கலையேம்மா. உங்களுக்கு வேண்டியவங்களா?"

மினுக்கி சுவரிலிருந்த நோட்டீஸைப் பிய்த்து எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அப்போதுதான் அவர் அந்த நோட்டீஸை நிதானமாகக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"சரி, உள்ளபடி இருக்கற படம் ஒண்ணு குடு. மாத்தி அடிப்போம். மச்சம்னு எழுதினா மட்டும் போதாது, ஜனங்க படத்தைத்தான் பாப்பாங்க."

போனில் ஒன்றுகூட இல்லை. பழைய குடும்பப் படங்களில் சித்தி நல்ல கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அடையாள அட்டையில் முகமே மை கொட்டினாற்போல இருந்தது.

மினுக்கி அதே நல்ல படத்தைத் திறந்தாள். விரலால் மச்சத்தைத் திரும்ப வரைய ஆரம்பித்தாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"காதுகிட்ட வரைக்கும் போகுமாப்பா?"

"தெரியலையேம்மா. கொழுந்தியா முகத்தை நான் எங்க உத்துப் பாத்தேன்? நீதானே எந்நேரமும் அவகூட இருந்தே."

உண்மைதான். அந்தக் கன்னத்தைத் திரை நிறையப் பெரிதாக்கி, அத்தனை பக்கத்தில் அவளைப் போல யாரும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அழிப்பதற்காக. கண்ணுக்குக் கீழே எங்கே தொடங்கும், உதட்டோரம் வளையுமா, நேரே இறங்குமா என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருத்தியாக வந்தது.

அச்சகத்தை மூடிவிடுவார்கள் என்று அப்பா எழுந்து நின்றார். சட்டையை மாட்டிக்கொண்டு படத்துக்காகக் கையை நீட்டினார்.

"இதானேம்மா? சரியா இருக்கா?"

"தெரியலப்பா," என்றாள்.